மலிவான சவரக் களிம்பு: மாத்தளையின் சரக்குகளும் ஒரு கோப்பை வெந்நீரும்

கண்டியில் தொடங்கும் ஏ9 வீதி மாத்தளை மாவட்டத்துக்குள் நுழைந்ததும் இரு மருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள் தென்படத் தொடங்கும். மிளகும் கராம்பும் சாதிக்காயும் கொக்கோவும் அடுத்தடுத்து வளரும் மண் இது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில் இருப்பதில் வியப்பில்லை. தோட்டத்தைச் சுற்றிக் காட்டி முடித்ததும் பயணிகளை வாங்கில் உட்காரவைத்து ஒவ்வொரு போத்தலாகத் திறந்து காட்டுவார்கள்: முடி வளர எண்ணெய், முடி உதிரக் களிம்பு, முகம் மினுங்கப் பசை. இங்கே விளைவதெல்லாம் தோலுக்கு நல்லது என்ற நம்பிக்கை உல்லாசப் பயணிகளோடு நின்றுவிடவில்லை. 2022 ஆகஸ்டில் ஷாம்பு, ஒப்பனைப் பொருட்கள் உட்பட 300 வகைப் பொருட்களின் இறக்குமதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அடுத்த மாதமே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. வெளிநாட்டுச் சவர நுரை டின் ஒன்றின் விலையைத் தோட்டத் தொழிலாளியின் 1,000 ரூபாய் நாட்கூலியோடு வைத்துப் பார்க்க வேண்டிய நிலை. வீட்டிலேயே ஏதாவது செய்துகொள்ளலாமே என்ற கேள்வி அப்போது பல வீடுகளில் எழுந்தது. நெருக்கடி தணிந்த பிறகும் அது ஓயவில்லை. கேள்வி நியாயமானது. அதற்குக் கிடைக்கும் பதில்களில்தான் பிசகு. மஞ்சள், தேசிக்காய், கராம்புத் தைலம், தேங்காய் எண்ணெய் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் குழைத்துத் தாடியில் பூசச் சொல்கின்றன அவை. மலிவும் வழுவழுப்பும் ஒருசேர வேண்டுமென்றால் சேர்க்கும் பொருளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், தண்ணீர் தாடியில் நிற்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் முடியைப் பார்ப்போம். தாடி மயிர் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, உலர்ந்திருக்கும்போது முரட்டுத்தனமானது. நீரில் ஊறினால் தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீரை உறிஞ்சி, குறுக்களவில் 15 சதவீதமளவு பருக்கும். அப்போது கெரட்டின் இழைகளுக்கு இடையிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்து, அதை வெட்டத் தேவைப்படும் விசை பெருமளவு குறைகிறது. இதற்கு நாள் முழுக்க ஊற வேண்டியதில்லை. இளஞ்சூட்டு நீரில் இரண்டு மூன்று நிமிடம் போதும். குளிர்ந்த நீரென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. மெல்லிய முடிக்கு இவ்வளவு உபசாரமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2020 இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு பதில் சொல்லும். பிளேட்டின் உருக்கோடு ஒப்பிட்டால் முடி சுமார் 50 மடங்கு மென்மையானது. இருந்தும் முடி சாய்ந்து வளைந்து விளிம்பில் மோதும்போது, உருக்கின் உள்ளமைப்பு சீரற்றிருக்கும் இடங்களில் நுண்ணிய சில்லுகள் பெயர்ந்துபோவதை மின்னணு நுண்நோக்கியின் கீழ் அவர்கள் கண்டார்கள். ஊறாத தாடியை இழுத்து மழிப்பவர் முகத்தை மட்டும் காயப்படுத்தவில்லை, அடுத்த சவரத்துக்கு வேண்டிய விளிம்பையும் கெடுத்துக்கொள்கிறார். ஊறவிட்டுக் காக்கும் அந்த விளிம்பு செலவுக் கணக்கில் முக்கியமான வரவு. களிம்பின் விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பிளேட்டின் விலையை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே சவரக் களிம்புக்கு உள்ள வேலைகளை எண்ணிவிடலாம். முடிக்குள் போன நீர் காற்றில் உலராமல் காக்க வேண்டும். பிளேட்டுக்கும் தோலுக்கும் நடுவே வழுக்கும் படலமாக நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் தடயமில்லாமல் கழுவுப்பட்டுப் போக வேண்டும். நிறமும் மணமும் இந்தக் கணக்கில் வரவே இல்லை. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் வீடுகளில் அதிகம் சொல்லப்படும் யோசனையை எடுத்துப் பார்க்கலாம்: சவரத்துக்கு முன் தேங்காய் எண்ணெய் தடவுவது. தலைமுடிக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது என்பதற்குச் சான்று உண்டு. இந்திய ஆய்வாளர்கள் இருவர் 2003 இல் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டதில், தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியின் புரத இழப்பைத் தெளிவாகக் குறைத்தது. அதிலுள்ள லோரிக் அமிலத்தின் சிறிய மூலக்கூறு முடித்தண்டுக்குள்ளேயே நுழைவது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. உள்ளே நுழைந்த எண்ணெய், நீர் புகுந்து முடி பருப்பதைத் தடுக்கிறது. தலைமுடி தேய்வடையாமல் இருப்பது அதனால்தான். சவரத்திலோ நமக்கு முடி பருக்க வேண்டும், இளக வேண்டும். கூந்தலைக் காக்கிற அதே குணம் இங்கே எதிராக வேலை செய்கிறது. உலர்ந்த தாடியில் முதலில் எண்ணெய் பூசுவது தண்ணீருக்குக் கதவை அடைப்பதுதான். எண்ணெய் வேண்டுமென்றால் தாடி நன்றாக ஊறிய பிறகு நாலைந்து துளி, அதன்மேல் நுரை. வரிசை மாறினால் பயனும் மாறிவிடும். தவிர, 2024 இன் கடைசியிலும் 2025 இன் தொடக்கத்திலும் தேங்காய் ஒன்று 200 ரூபாயை ஒட்டி விற்றதை நினைத்தால், எண்ணெயை மலிவுப் பட்டியலில் கேள்வியின்றிச் சேர்க்கவும் முடியாது.

நுரைக்கு வருவோம். உலகமெங்கும் நல்ல சவரச் சவர்க்காரத்தின் முதுகெலும்பு ஸ்டீரிக் அமிலம். அதைப் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டுடன் சேர்த்தால் வரும் சவர்க்காரம் மென்மையானது. குமிழ்கள் பொடியாக, அடர்த்தியாக, சீக்கிரம் உடையாமல் நிற்கும். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லோரிக் அமிலம். ஸ்டீரிக் அமிலமோ 3 சதவீதம் அளவில்தான். அதனால் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் தொட்டவுடன் பெரிய பெரிய குமிழாக நுரைக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிப்போகும், தோலையும் வறட்டும். குளிக்க அது போதும், சவரத்துக்குப் போதாது. பிரஷ் இல்லாமல் கையால் பூசும் களிம்புகள் அமெரிக்காவில் 1919 இல் பார்பசோல், 1925 இல் பர்மா ஷேவ் என்று சந்தைக்கு வந்தன. இவ்வகைக் களிம்புகளின் பொதுவான செய்முறை, ஸ்டீரிக் அமிலத்தில் ஒரு பகுதியை மட்டும் சவர்க்காரமாக்கி மீதியை நீரில் குழைத்து நிறுத்துவது. நம் பாட்டிமார் முகத்தில் பூசிய ‘ஸ்னோ’வும் இதே குடும்பம்தான். அழுத்தப்பட்ட வாயுவோடு நுரை பீய்ச்சும் டின் 1949 இல் வந்தது. அதில் நாம் காசு கொடுப்பது பெருமளவு நீருக்கும் வாயுவுக்கும் டின்னுக்கும். இதில் மாத்தளைக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. இம்மாவட்டத்துப் பயிர்களில் சவரத்துக்கு வேதியியல் ரீதியாகப் பொருந்துவது மிளகோ கராம்போ மஞ்சளோ இல்லை, கொக்கோ. கொக்கோ வெண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு ஸ்டீரிக் அமிலம். இலங்கையில் கொக்கோவுக்கு நெடுங்காலமாகப் பேர்போன மாவட்டம் இது. ஆனால் அந்தக் கொட்டையை நொதிக்கவைத்து, வறுத்து, பிழிந்து வெண்ணெய் எடுப்பது வீட்டு அடுப்பில் ஆகிற காரியமன்று. 2024 இல் உலகச் சந்தையில் கொக்கோ தொன் ஒன்று 10,000 டொலரைத் தாண்டியும் போனது. பொருத்தமான பொருள் பக்கத்திலேயே விளைந்தும் ஏழையின் கைக்கு எட்டவில்லை.

அப்படியென்றால் சவர்க்காரத்தை நாமே காய்ச்சலாமா? தொழிலாகச் செய்பவர்கள் செய்யட்டும். ஒரு முகத்துக்காக வீட்டில் கோஸ்டிக் சோடாவை இறக்குவதை நான் ஆதரிக்கவில்லை. 100 கிராம் தேங்காய் எண்ணெயை முழுதாகச் சவர்க்காரமாக்கச் சுமார் 18 கிராம் கோஸ்டிக் சோடா தேவை. தேவைக்கு மேல் ஓரிரு கிராம் கூடினாலும் மிஞ்சிய காரம் முகத்தில்தான் வந்து நிற்கும். கிராம் துல்லியமாக நிறுக்கும் தராசு எத்தனை சமையலறைகளில் இருக்கிறது? தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லய அறையில் பிள்ளைகள் தவழும் இடத்தில் அந்தப் போத்தலை எங்கே வைப்பது? இந்த ஆபத்தைத் தொழிற்சாலை ஏற்கெனவே கடந்து கொடுத்திருக்கும் பொருள்தான் கடையில் கிடைக்கும் குளியல் சவர்க்காரம். அதையே மூலப்பொருளாக எடுத்துக்கொள்வது அறிவுடைமை. குளியல் சவர்க்காரங்கள் பலவற்றில் பாம் எண்ணெய் பெரும்பங்கு வகிப்பதால் தனித் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரத்தைவிட நுரை நிலைத்து நிற்கும். குழந்தைகளுக்கான சவர்க்காரம் என்றால் இன்னும் நல்லது. உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் வேண்டாம்; அதில் சேரும் காரப் பொருட்கள் தோலை மனதில் வைத்துச் சேர்த்தவை அல்ல. 30 கிராம் அளவு சவர்க்காரத்தைத் துருவி, 150 மில்லிலீற்றர் கொதிநீரில் கரைத்து, ஒரு தேக்கரண்டி கிளிசரின் விட்டுக் கலக்கி ஆறவைத்தால் கெட்டியான களிம்பு கிடைக்கும். கிளிசரின் எந்தப் பார்மசியிலும் சிறு போத்தலில் உண்டு. நீரைப் பிடித்துவைப்பது அதன் வேலை. விரும்பினால் அரைத் தேக்கரண்டி தேங்காய் எண்ணெயும் சேர்க்கலாம், அதற்கு மேல் போனால் நுரை செத்துவிடும். சவர்க்காரத்தின் காரத்தன்மை பெரும்பாலான கிருமிகளுக்கு ஒவ்வாதது என்பதால் இக்களிம்பு மூடிய சாடியில் ஒரு வாரம் தாங்கும். இதற்கும் சோம்பலாக இருந்தால் களிம்பே வேண்டாம்: சவர்க்காரத் துண்டைக் கோப்பையின் அடியில் ஒட்டி, ஈரப் பிரஷ்ஷால் ஒரு நிமிடம் சுழற்றுங்கள். பழைய சலூன்களில் நடந்தது இவ்வளவுதான்.

இங்கே மாவட்டத்தின் நிலவியல் குறுக்கிடுகிறது. மாத்தளை நகரும் உக்குவளையும் ரத்தோட்டையும் எல்கடுவையும் மலைநீரை நம்பியவை. பீலியில் கொட்டும் ஓடைநீரில் சுண்ணச்சத்து குறைவு, சவர்க்காரம் தொட்டதும் நுரைக்கும். வடக்கே கலேவெல, தம்புள்ளை என்று உலர் வலயத்துக்கு இறங்கினால் கிணற்று நீர் கடினமாகிறது. சவரத்துக்கு என்ன பாதிப்பு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இலங்கையின் குடிநீர்த் தரநிலை அனுமதிக்கும் மொத்தக் கடினத்தன்மை லீற்றருக்கு 250 மில்லிகிராம். அவ்வளவு கடினமான ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ ஒன்றரை கிராம் சவர்க்காரத்தை நுரையாக விடாமல் விழுங்கிவிடும். பிரஷ்ஷால் நுரை எழுப்பத் தேவைப்படுவது சில கரண்டி நீர் என்பதால் அங்கே இழப்பு அற்பம். தம்புள்ளைப் பக்கத்தில் சவர்க்காரம் நுரைக்காது என்ற முறைப்பாட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ப்பதே போதிய பதில். உண்மையான தொல்லை கழுவும்போது வருகிறது. கடின நீரும் முகத்தில் மிஞ்சிய சவர்க்காரமும் சேர்ந்து கரையாத வெண்பசையாகித் தோலில் படியும். சவரத்துக்குப் பின் முகம் இறுகி எரிவதற்குப் பல நேரம் இந்தப் படிவே காரணம், பழி சவர்க்காரத்தின் தலையில். கொதிக்கவைத்து ஆறிய நீர் இதற்கு நல்ல பரிகாரம். கொதிக்கும்போது பைகார்பனேற்றால் வரும் கடினத்தன்மை கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவாக இறங்கிவிடுகிறது. முடியை இளக்க எப்படியும் வெந்நீர் வேண்டும். அதே நீரில் கடைசி அலசலுக்கும் ஒரு கோப்பை எடுத்து வைத்தால் முடிந்தது. மழைநீர் பிடித்துவைக்கும் வீடுகளுக்கு அந்தச் சிரமமும் இல்லை.

கடின நீருக்குச் சவர்க்காரம் அல்லாத மாற்றுகளும் உண்டு. அவற்றில் சில நம் மரபிலேயே இருப்பவை. பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் உள்ள சப்போனின் சுண்ணச்சத்தோடு சேர்ந்து திரிவதில்லை, அதனால் உலர் வலயத்துக் கிணற்று நீரிலும் நுரை தரும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதுதான் குறை. கண்ணுக்கு மிக அருகில் பயன்படுத்துவதால் அது சின்னக் குறை இல்லை. செவ்வரத்தை இலையைக் கசக்கிப் பிழிந்தால் வரும் கொழகொழப்பும், ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை இரவு முழுக்க ஊறவைத்து வடித்த நீரும் உண்மையிலேயே நல்ல வழுக்குப் படலங்கள். நீரைக் கட்டிப்பிடிக்கும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனவை அவை. நுரைக்காது, ஆனால் பிளேட் வழுக்கும். சிங்களவர் ஆஸ்மிப் பலகாரத்துக்கு மாவு கரைக்கப் பயன்படுத்தும் ‘தவுல் குருந்து’ இலைச்சாறும் இதே இனம். கற்றாழையும் இவ்வகைதான், ஆனால் அதை நறுக்கியதும் அடிப்பகுதியில் வடியும் மஞ்சள் பாலை முழுதாக வழியவிட்ட பிறகே உள்சோற்றை எடுக்க வேண்டும், அந்தப் பால் தோலை அரிக்கும். நுரைக்கு அடிமையாகாதவர்களுக்கு, முக்கியமாகச் சவர்க்காரம் ஒத்துக்கொள்ளாத தோலுக்கு, நான் முதலில் சொல்வது இவற்றைத்தான். ஒரு நிபந்தனை: அன்றன்றைக்குச் செய்து மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். நீரும் சர்க்கரையும் இளஞ்சூடும் சேர்ந்த இடத்தில் பக்டீரியா பெருகுவதற்கு ஒரு பகல் போதும். புதிதாக மழித்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் நிறைய. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் இரண்டு நாளுக்கு மேல் நம்பக்கூடாது. தொழிற்சாலைக் களிம்பில் உள்ள பாதுகாப்புப் பொருட்களை ‘கெமிக்கல்’ என்று வெறுப்பவர்கள், அவை எதைத் தடுக்கின்றன என்பதையும் யோசிக்க வேண்டும்.

இனி இந்த மண்ணின் பெருமையான சரக்குகள். கறுவாப் பட்டைத் தைலத்தில் சின்னமால்டிஹைட், கராம்புத் தைலத்தில் யூஜினால், எலுமிச்சம்புல் தைலத்தில் சிட்ரால். மணத்துக்கு இவைதான் காரணம், ஒவ்வாமைக்கும் இவையே. ஐரோப்பிய ஒன்றியம் 2003 இல் ஒப்பனைப் பொருட்களின் உறையில் பெயர் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று பட்டியலிட்ட 26 வாசனை ஒவ்வாமைப் பொருட்களில் இம்மூன்றும் உண்டு. தோலில் தங்கும் பொருளில் 0.001 சதவீதமும் கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதமும் தாண்டினாலே பெயரை அச்சிட வேண்டும். சாடிக் களிம்பில் பத்துத் துளி தைலத்தை விடும் வீட்டு வைத்தியம் அந்த எல்லையைப் பல மடங்கு கடந்துவிடுகிறது. இதற்கு ஓர் ஆட்சேபம் எழும்: கராம்பும் மஞ்சளும் கிருமிநாசினி என்று முன்னோர் சொன்னது பொய்யா? பொய்யல்ல. பல்வலிக்குக் கராம்புத் தைலம் வேலை செய்கிறது, காயத்துக்கு மஞ்சள் பற்று இடும் வழக்கத்துக்கும் அடிப்படை உண்டு. ஆனால் சவரக் களிம்பு மூன்று நிமிடம் முகத்தில் இருந்துவிட்டுக் கழுவுப்பட்டுப் போகிறது. மஞ்சளின் குர்குமின் நீரில் கரைவதே அரிது. அந்த மூன்று நிமிடத்தில் அது கிருமியைக் கொல்வதைவிட முகத்தையும் துவாயையும் மஞ்சளாக்குவதே நிச்சயம். முன்னோர் வழக்கத்தைச் சாட்சிக்கு அழைத்தால் அது எனக்குச் சாதகமாகவே பேசும். கத்தி தீட்டிக்கொண்டு லயங்களுக்கும் கிராமங்களுக்கும் வந்த நாவிதர்கள் கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு விரலால் தாடையை நெடுநேரம் உருவிவிட்ட பிறகே கத்தியை வைத்தார்கள். கராம்பும் கறுவாவும் சுற்றிலும் விளைந்தபோதும் அவற்றைத் தாடியில் பூசவில்லை. மஞ்சளின் விலையும் மறக்கக்கூடியதல்ல: 2019 இறுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பிறகு 2020 இல் மஞ்சள்தூள் கிலோ பல ஆயிரம் ரூபாய்க்குப் போனது, கலப்படமும் பெருகியது. அப்படிப்பட்ட தூளைக் கீறிய தோலில் தேய்ப்பதில் சிக்கனமும் இல்லை, சுகாதாரமும் இல்லை.

தேசிக்காயைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது எல்லா வீட்டுக் குறிப்புகளிலும் அப்பாவி வேடத்தில் வருகிறது. அதன் சாறு தோலின் இயல்பான அமிலத்தன்மையைவிடப் பல நூறு மடங்கு புளிப்பு. அதைவிட மோசமானது, தேசிக்காய்த் தோலில் உள்ள ஃபியூரானோகூமரின்கள் சாற்றோடு சேர்ந்து முகத்தில் தங்கி, வெயில் பட்டதும் சூட்டுக்காயம் போல் கன்றிப்போகச் செய்வது. அதன் கருந்தழும்பு மறைய வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். காலையில் சவரம் செய்துவிட்டு வெங்காய வயலுக்குப் போகிறவர் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறார். அவருக்கு இந்தக் குறிப்பைச் சொல்பவர் தீங்கே செய்கிறார். அப்பச்சோடாவும் அப்படித்தான், தேவையில்லாத காரம். நுரையும் தராது, வழுக்கவும் வழுக்காது.

வாசனைத் திரவியத் தோட்டங்களில் காட்டும் முடி உதிர்க்கும் களிம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது இருக்கும்போது சவரமே எதற்கு என்பது நியாயமான கேள்வி. எந்தக் குறிப்பிட்ட தோட்டத்தையும் பற்றி நான் பேசவில்லை. வேதியியலை மட்டும் சொல்கிறேன். முடியைச் சில நிமிடங்களில் குழைத்து வழித்தெடுக்க வேண்டுமானால் கெரட்டினின் கந்தகப் பிணைப்புகளை உடைக்க வேண்டும். பழங்காலத்தில் அரிதாரமும் சுண்ணாம்பும் கலந்து அதைச் செய்தார்கள். அரிதாரம் ஆர்செனிக் சேர்மம். இன்றைய களிம்புகளில் தயோகிளைக்கோலேற் உப்புகள் கடுங்காரத்தோடு சேர்ந்து அதைச் செய்கின்றன. ஐரோப்பாவில் அதற்கு 5 சதவீத உச்சவரம்பு உண்டு. மஞ்சளாலோ சந்தனத்தாலோ அந்தப் பிணைப்பை ஐந்து நிமிடத்தில் உடைக்க முடியாது. ஆகவே உடனே வேலை செய்யும் ‘மூலிகை’க் களிம்பின் உறையில் உள்ளடக்கம் அச்சிடப்படவில்லை என்றால், அதை முகத்தில் பூசாதீர்கள்.

எதிர்த்திசையிலிருந்தும் ஓர் ஆட்சேபம் வரும்: இவ்வளவு தொல்லை எதற்கு, டின் நுரையை வாங்கினால் வேலை முடிந்ததே? வசதி உள்ளவர்கள் தாராளமாக வாங்கட்டும். அது மோசமான பொருள் இல்லை. ஆனால் கணக்கு வெகுதூரம் விலகியிருக்கிறது. பிரஷ்ஷால் நுரை எழுப்பும் ஒரு சவரத்துக்குச் சவர்க்காரம் ஒரு கிராம் அளவே செலவாகும். 100 கிராம் கட்டி ஒன்று நாளுக்கு ஒருதரம் மழிப்பவருக்கே மூன்று மாதம் வரும். 200 கிராம் டின்னில் ஒரு தடவைக்கு ஐந்தாறு கிராம் போனால் ஒரு மாதம் சற்றுத் தாண்டும். ஒரு கட்டிச் சவர்க்காரத்தின் விலையையும் ஒரு டின்னின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் யாருக்கும் விடை தெரியும். 2024 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,350 ரூபாயாகியும் அந்த இடைவெளி மாறவில்லை. நடுவில் நிற்க விரும்புவோருக்குத் தலைமுடிக்குப் போடும் கண்டிஷனர் பக்கற் ஒன்று இருக்கிறது. அது கடின நீரிலும் திரியாது, ஊறிய தாடியில் பூசினால் நன்றாக வழுக்கும். கடையில் தனிப் பக்கற்றாகக் கிடைப்பதால் கையில் மொத்தமாகக் காசு வேண்டியதில்லை. உலர் வலயத்தில் இருப்பவர்களுக்கு இதுவே சவர்க்காரத்தைவிடப் பொருத்தமாக இருக்கலாம்.

நேரம் இல்லை என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். விடியற்காலையில் தோட்டத்தில் பெயர் பதியப் பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டியவரிடமும் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் இரவு முழுக்க மரக்கறி ஏற்றி இறக்குபவரிடமும் மூன்று நிமிடம் ஊறவிடு என்று சொல்வது எளிது. ஆனால் குளிக்காமல் அவர்கள் வேலைக்குப் போவதில்லை, அல்லது வேலை முடிந்து வந்து குளிக்கிறார்கள். சவரம் செய்துவிட்டுக் குளிக்கும் வழக்கத்தை மாற்றி, குளித்துவிட்டுச் சவரம் செய்தால் கூடுதலாக ஒரு நிமிடமும் ஆகாது. பீலியடியில் தலையில் நீர் கொட்டும் நேரமெல்லாம் தாடியும் ஊறிக்கொண்டிருக்கும். குளித்துவிட்டுச் சவரம் செய்வது தீட்டு என்று நினைக்கும் பெரியவர்கள் கடைசியாக இன்னொரு செம்பு நீரை ஊற்றிக்கொண்டால் தீர்ந்தது. ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் தாடி வளர்த்தவர்கள் முதலில் கத்தரியால் குட்டையாக்கிவிட்டு இரண்டு மடங்கு நேரம் ஊறவிட வேண்டும். அந்த ஒரு நாளைக்குச் சலூனுக்குப் போவது நல்லது.

சவர்க்காரம் தோலை வறட்டும் என்பது உண்மை. அதன் காரத்தன்மை தோலின் மெல்லிய அமிலத்தோடு ஒத்துப்போகாது. கிளிசரின் அதைப் பாதி சமாளிக்கும், மீதியைச் சவரத்துக்குப் பிறகு ஈரம் காயுமுன் தடவும் இரண்டு துளி தேங்காய் எண்ணெய் பார்த்துக்கொள்ளும். எண்ணெய்க்கு உரிய இடம் இதுதான், கடைசியில். பரு, சீழ்க் கொப்புளம், படர்தாமரை போன்றவை தாடியில் இருந்தால் எந்த வீட்டுக் களிம்பும் பரிகாரமல்ல. ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போக வேண்டும். முடி சுருண்டு தோலுக்குள் வளரும் தன்மையுள்ளவர்கள் அடியோடு மழிக்காமல், வளரும் திசையிலேயே ஒருமுறை மட்டும் வழிப்பது நல்லது. வழுவழுப்பு சற்றுக் குறையும், வீக்கம் வராது.

ஆக, வாங்க வேண்டியவை ஒரு நல்ல பிரஷ், ஒரு கட்டிச் சவர்க்காரம், சிறு போத்தல் கிளிசரின். மிச்சப்படும் காசைப் பிளேட்டில் போடுங்கள். இழுக்கத் தொடங்கிய பிளேட்டை எந்தக் களிம்பாலும் திருத்த முடியாது. வெட்டுப்பட்டால் இரத்தத்தை நிறுத்தப் படிகாரக் கல் ஒன்று போதும், அதன் விலை மிகச் சொற்பம். ஆனால் அதை வீட்டில் அப்பாவும் மகனும்கூடப் பகிர்ந்துகொள்ளக்கூடாது. ஹெப்பட்டைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். சலூனில் எல்லோர் முகத்திலும் தேய்த்த கல்லை உங்கள் கன்னத்துக்குக் கொண்டுவந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.